இரண்டு உயிருக்கு எத்தனை பிடிச் சோறு?



முழுகாமல் இருக்கும் பெண் இரண்டு பேருக்காகச் சாப்பிட வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். நல்ல செய்தி காதில் விழுந்த நாளிலிருந்தே மாமியார் சோற்றில் ஒரு கரண்டி நெய்யைக் கூடுதலாக ஊற்றுவார். உம்மா வீட்டிலிருந்து வட்டிலப்பமும் தொதலும் வந்து சேரும். சபுரில் இருக்கும் மாப்பிள்ளை பேரீத்தம்பழத்தோடு மிட்டாய்ப் பெட்டியும் கொடுத்தனுப்புவார். "போதும்" என்று அவள் கையை மறித்தால், "உனக்கா வைக்கிறேன்? உள்ளே இருக்கும் பிள்ளைக்கல்லவா!" என்று பதில் வரும். இதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால், அன்பினால் செய்யப்படுவதெல்லாம் நன்மையாக முடிகிறதா?

அதே பெண் மறுநாள் மருத்துவமனைக்குப் போகிறாள். எடைக் கருவியில் ஏறி நிற்கிறாள். "இவ்வளவு எடையா? சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று அங்கே கண்டிப்பு. வீட்டில் சாப்பிடச் சொல்கிறார்கள். வெளியில் சாப்பிடாதே என்கிறார்கள். நடுவில் நிற்பவள் அவள். நாளைக்கு ஏதேனும் ஒன்று கோணலாகிவிட்டால், "ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகுமா?" என்று ஒரு பக்கமும், "எடையைக் குறைக்கச் சொன்னோமே, கேட்டாளா?" என்று இன்னொரு பக்கமும் பழி வந்து விழுவது அவள் தலையில்தான்.

ஆகவே இது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை அன்று. கனத்த உடம்போடு கருவுற்றது ஒரு பெண்ணின் குற்றமா? எடையைக் கணக்குப் பார்த்து உண்பது, ரிஸ்க் அளிக்கும் இறைவன் மீது நம்பிக்கைக் குறைவைக் காட்டுவதா? அவள் வயிற்றில் இருக்கும் அமானிதத்துக்குப் பொறுப்பாளி அவள் ஒருத்தி மட்டும்தானா? இந்த மூன்று கேள்விகளையும் நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

மருத்துவர்கள் "பி.எம்.ஐ." என்று சொல்லும் உடல் எடைக் குறியீடு ஓர் எளிய கணக்கு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு, ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25, 70ஐ அதனால் வகுத்தால் சுமார் 31. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 25க்கு மேல் போனால் கூடுதல் எடை; 30க்கு மேல் உடற்பருமன். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் வந்துவிடுவதால், நம் நாட்டு மருத்துவர்கள் 23ஐயும் 25ஐயும் எல்லையாகக் கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கின் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1830களில் பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே, மக்கள் தொகுதியின் சராசரியை அறிவதற்காக இதை வகுத்தார். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஒரு கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல் இது. ஒருத்தியின் ஒழுக்கத்தையோ, அடக்கத்தையோ, ஈமானையோ அளக்கும் கோல் அன்று. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கக்கூடும் என்று சுட்டிக் காட்டும் விரலாக அதை ஏற்றுக்கொண்டால் போதும்.

இது எங்கோ நடக்கும் சங்கதியும் அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 25ஐத் தாண்டியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது முப்பத்தொன்றாக இருந்தது. பத்து வீடு உள்ள தெருவில் நான்கு வீட்டுப் பெண்களைப் பற்றிய பேச்சு இது.

கருவுற்ற காலத்தில் எடை கூடத்தான் வேண்டும். பிள்ளை சுமார் 3 கிலோ; நச்சுக்கொடி அரை கிலோவுக்குச் சற்று மேல்; பனிக்குடத்து நீர் ஒரு கிலோவுக்கு அருகில்; பருத்த கருப்பை ஒரு கிலோ; பெருகும் இரத்தமும் உடலில் தங்கும் நீரும் சேர்ந்து மூன்று கிலோ. இதற்கு மேல் கூடுவது பெரும்பாலும் தாயின் உடலில் சேமிப்பாகப் படியும் கொழுப்பு. மெலிந்தவளுக்கு அந்தச் சேமிப்பு அவசியம். ஏற்கெனவே சேமிப்பு உள்ளவளுக்கு மேலும் சேமிக்கத் தேவையில்லை. அதனால்தான் 2009இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், சரியான எடையுள்ள பெண் 11.5 முதல் 16 கிலோ வரையும், கூடுதல் எடையுள்ளவள் 7 முதல் 11.5 கிலோ வரையும், குறியீடு 30ஐத் தாண்டியவள் 5 முதல் 9 கிலோ வரையும் கூடினால் போதும் என்று வகுத்தது. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

"இரண்டு பேருக்கான சாப்பாடு" என்பதன் உண்மை அளவும் வியப்பைத் தரும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரி என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணித்தது. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு தம்ளர் பால் - இவ்வளவுதான் அது! உள்ளிருக்கும் விருந்தாளி கேட்பது இவ்வளவே. அதற்கு மேல் பரிமாறுவது நாம்.

மிகுந்தால் என்ன நேரும்? கனத்த உடம்பில் கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்புக் கூடுகிறது. தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கும். அதனால் பிள்ளை கொழுத்துப் பெருத்துப் பிறக்கும். பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடவும் கூடும். நாம் "கொழுகொழு" என்று கொஞ்சும் பிள்ளைகளில் சில இப்படி அல்லல்பட்டு வந்தவை. பிரசவத்தில் தோள் சிக்குவது, அறுவை, புண் ஆறாமை, காலில் இரத்தம் உறைவது ஆகியவையும் கனத்த தாய்மாருக்கு அதிகம்.

தவக்குலும் தட்டும்

"அல்லாஹ் கொடுத்த பிள்ளை, அவன் பார்த்துக்கொள்வான். எடையாம், கணக்காம்!" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த நம்பிக்கையின் பொருள் என்ன?

அன்னை மர்யம் (அலை) அவர்களின் பிரசவ வேளையைத் திருமறை எடுத்துச் சொல்கிறது. துணைக்கு யாருமில்லை, வேதனை முற்றிய நேரம். பழத்தை நேரே மடியில் இட வல்லவன்தான் இறைவன். ஆயினும் பேரீத்த மரத்தின் அடியைப் பிடித்து உலுக்கும்படி அந்தப் பலவீனமான கைகளுக்குக் கட்டளை வந்தது. ஒரு பேரீத்த மரத்தைப் பிரசவ வேதனையில் இருக்கும் பெண் உலுக்கி அசைக்க முடியுமா? முடியாது. ஆனாலும் கை மரத்தில் பட வேண்டும். பழம் உதிர்வது அவன் அருள். கை நீட்டுவது நம் பங்கு. எடையைப் பார்ப்பதும், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதும், சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டுவதும் அந்தக் கை நீட்டல்தான்.

வயிற்றை மூன்று பங்காக்கி, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒவ்வொரு பங்கு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கு நாம் அறியாததன்று. கர்ப்பிணிக்கு அது இன்னும் பொருத்தம்; அவளுடைய வயிற்றில் நான்காவதாக ஒருவர் இடம் பிடித்திருக்கிறார் அல்லவா? ஏழு, எட்டாம் மாதத்தில் வயிறு முட்ட உண்டுவிட்டு மூச்சுத் திணறும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்பதையே மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பலர் பசிக்காகச் சாப்பிடுவதைவிட, மீந்து போகிறதே என்று சாப்பிடுவது அதிகம். பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய நெய்ச்சோறு, பெருநாள் முடிந்து மிஞ்சிய பிரியாணி - இவற்றைக் கொட்டுவது வீண்விரயம், பாவம் என்ற அச்சத்தில் அவள் வாயில் போட்டுக்கொள்கிறாள். நல்ல அச்சம்தான். ஆனால் தேவையற்ற வயிற்றுக்குள் கொட்டப்படும் உணவும் வீணாவதுதானே? திருமறை உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இடத்தில்தான் விரயத்தைத் தடுத்திருக்கிறது. குப்பையில் விழும் சோறு ஒரு முறை வீணாகிறது. வேண்டாத உடம்பில் விழும் சோறு தானும் வீணாகி உடம்பையும் வீணாக்குகிறது. விரயத்தை அடுப்படியில், அரிசி அளக்கும்போதே தடுக்க வேண்டும். மிஞ்சியது பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். ஓர் ஏழையின் தட்டுக்குப் போகட்டும். வீட்டுப் பெண்ணின் வயிற்றைக் குப்பைத் தொட்டியாக்க வேண்டாம்.

பழி வேறு, பொறுப்பு வேறு

கனத்த உடம்பு குற்றமா என்ற கேள்விக்கு வருவோம். உடம்பின் எடை ஒருத்தி தேர்ந்தெடுத்துக்கொண்ட சொத்து அன்று. பெற்றோர் வழி வந்த கூறு அதில் உண்டு. தைராய்டு போன்ற சுரப்பிகளின் கோளாறு உண்டு. முந்தைய பேறுகால எடை கரையாமல் நின்றிருக்கும். வெளியே நடமாட வழியில்லாத வாழ்க்கை உண்டு, உறக்கமின்மை உண்டு, மனக்கவலையும் உண்டு.

ஆராய்ச்சிகளும் நம்மைப் பணிவாகப் பேசச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் கூடுதல் எடையுள்ள 2,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உணவு, நடை பற்றிய ஆலோசனைகளைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வெளியாயிற்று. நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளைகள் நூற்றுக்குப் பத்தொன்பதிலிருந்து பதினைந்தாகக் குறைந்தன. ஆனால் தாய்மாரின் எடைக் கூடுதலில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பிரிட்டனில் உடற்பருமனுள்ள 1,555 பெண்களிடம் நடந்த இத்தகைய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. எடை சிறிது குறைவாகக் கூடியது. சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. தேர்ந்த ஆலோசகர்கள் பக்கத்தில் இருந்தும் விளைவு இவ்வளவுதான் என்றால், தனியாகப் போராடும் ஒரு பெண்ணைப் பார்த்து "நீ நினைத்திருந்தால் குறைத்திருக்கலாம்" என்று சொல்வது நீதியாகுமா?

அதற்காக முயற்சி வீண் என்பதும் பொருளன்று. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் என்பது அந்த நான்கு தாய்மாருக்கு முழு உலகம். எந்த ஆத்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமை வைக்கப்படுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. சக்திக்கு உட்பட்டது எதுவோ அதற்கே நாம் பொறுப்பு. இன்று உண்ணும் கவளமும், இன்று நடக்கும் நடையும் அவள் கையில் இருக்கின்றன. நேற்றைய எடையும் நாளைய முடிவும் அவள் கையில் இல்லை. பொறுப்பு முன்னால் பார்க்கும். பழி பின்னால் பார்க்கும். முன்னது மனிதரை நடக்க வைக்கிறது. பின்னது முடக்கிப் போடுகிறது. கண்டிப்புக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போவதையே நிறுத்திவிட்ட பெண்ணுக்கு இரத்தக் கொதிப்பு ஏறினால் யார் கண்டுபிடிப்பது?

நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தையே பாருங்கள். அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் பருத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டம் புறப்படுமுன் தாம் கிளம்பிவிட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சொல்லும் குறை கூறாமல் அனுமதித்தார்கள். தாமும் அப்படிக் கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னர் எண்ணினார்கள் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். கனத்த உடம்புக்குக் கிடைத்தது ஏளனம் அன்று, வசதி. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தபோதும், தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். மெலிவும் பருமனும் சிரிப்புக்குரியவை அல்ல. "யானைக் குட்டி", "அரிசி மூட்டை" என்று மருமகளுக்குப் பட்டப்பெயர் வைக்கும் வீடுகள், பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுக்கும் திருமறை வசனம் யாருக்காக இறங்கியது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பட்டினி மருந்தாகுமா?

பயத்தால் எதிர்ப்பக்கம் ஓடுவதும் உண்டு. எடை கூடிவிட்டது என்று ஒரு வேளைச் சோற்றைத் துறப்பவர்கள் இருக்கிறார்கள். ரமலானில் "நோன்புக்கு நோன்பும் ஆயிற்று, எடையும் குறையும்" என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். கருவுற்ற காலம் எடையைக் குறைக்கும் காலமன்று. கூடும் வேகத்தை அடக்கும் காலம். கர்ப்பிணி நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் மற்றவர்களைவிட விரைவாக அவள் உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் பொருள் இரத்தத்தில் ஏறும். 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்து மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது கருவிலிருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் பட்ட பசியின் தடம் அவர்களுடைய நடுவயதில் சர்க்கரைக் கோளாறாக வெளிப்பட்டது.

நோன்பு வணக்கம். அதன் நிய்யத்து அல்லாஹ்வுக்காக; எடைக் கருவிக்காக அன்று. தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு நோன்பை விட மார்க்கமே சலுகை அளித்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, தன் உடல்நலத்துக்கு அஞ்சி விட்டவள் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டவள் களாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டு நிலையிலும் களா மட்டுமே. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவள், மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைப்பது துணிச்சல், தக்வா அன்று. சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதல்தான். உடல்நலம் இடம் கொடுத்து நோன்பு வைப்பவர்களும், நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் வடை, சமூசா, சர்பத் என்று அடுக்கினால், பகலில் காத்தது மாலையில் போய்விடும்.

அமானிதம் யாரிடம்?

பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கிறது, உண்மை. ஆனால் அரிசி வாங்குபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர், "சாப்பிடு, சாப்பிடு" என்று வற்புறுத்துபவர் ஒருவர். இத்தனை கைகள் பட்ட தட்டுக்கு அவள் ஒருத்தியை மட்டும் கேள்வி கேட்பது எப்படி? அமானிதம் வீட்டுக்கே கொடுக்கப்பட்டது. அதைச் சுமக்கும் பாரம் மட்டுமே அவளுக்கு.

மாமியார்மாரே! மருமகள் "போதும்" என்றால் அது உங்களை அவமதிக்கும் சொல்லன்று. உங்கள் அன்பை நெய்க் கரண்டியால் அளக்க வேண்டாம். மீனை வறுக்காமல் ஆணத்தில் போடுங்கள். முட்டையும் பயறும் கீரையும் அவள் தட்டில் கூடட்டும். பாலில் சீனி குறையட்டும். மருமக்களே! மறுப்பதையும் மரியாதையாக மறுக்கலாம். "மாமி, டாக்டர் இந்த அளவு சொல்லியிருக்கிறார்கள், நீங்களே அளந்து வையுங்கள்" என்று பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், எதிர்த்து நின்றவரே காவலாகி விடுவார்.

கணவன்மாரே! மிட்டாய்ப் பெட்டி அனுப்புவதைவிட, மனைவியோடு பரிசோதனைக்குப் போவது மேல். சபுரில் இருப்பவர் தொலைபேசியில் "எடை எவ்வளவு?" என்று கேட்குமுன் "நன்றாகத் தூங்கினாயா?" என்று கேட்கட்டும். மருத்துவர் தடை சொல்லாத பெண்ணுக்கு நாளும் அரைமணி நேர நடை நல்லது. காயல்பட்டினத்தில் பெண்கள் தங்கு தடையின்றி நடமாட வீடுகளுக்கிடையே முடுக்குகளை அமைத்தார்கள் நம் முன்னோர். அந்த வசதியில்லாத ஊர்களில் மொட்டை மாடியோ முற்றமோ போதும். கூட நடக்க ஒருவர் இருந்தால் அதுவே பெரிய ஊக்கம். நடக்க நேரம் வேண்டுமானால் வீட்டு வேலையில் ஒரு பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். சென்னை மருத்துவர் வி. சேஷையா அவர்களும் அவருடைய குழுவினரும் ஆய்ந்து பரப்பிய எளிய முறை ஒன்று உண்டு. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பார்கள். 140ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2014இல் மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலும் இம்முறையை ஏற்றது. கருவுற்ற தொடக்கத்தில் ஒரு முறையும், ஆறாம் மாதத்தை ஒட்டி மறுமுறையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிள்ளை பிறந்ததும் அவளுடைய எடையைப் பற்றிய நம் அக்கறை மறைந்து போகிறதே, ஏன்? அப்படியானால் நாம் அதுவரை காத்தது பாண்டத்தையா, பெண்ணையா? நாற்பது நாளும் லேகியமும் நெய்யுமாகக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த பேறுகாலம் வரும்போது மீண்டும் கணக்கைத் தொடங்குகிறோம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்புப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரம் கழிந்ததும் அவளை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்வது வீட்டாரின் கடன். அபுத் தர்தா (ரலி) அவர்கள் வணக்கத்தில் மூழ்கி உடலை மறந்தபோது, உடலுக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை உண்மையென்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஹக்கு தாயாவதற்கு முன்பும் அவளுக்கு உண்டு. தாயான பின்பும் உண்டு. பிள்ளைக்காக மட்டுமல்லாமல் அவளுக்காகவும் அவளுடைய உடம்பு காக்கப்பட வேண்டும்.

இன்று இரவு உணவுத் தட்டு விரிக்கப்படும்போது, முழுகாமல் இருக்கும் பெண் நம் வீட்டில் இருந்தால், அவள் தட்டில் எதையும் வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்போம்: "உனக்கு எவ்வளவு வேண்டும்?" அவள் சொல்லும் அளவை வைப்போம். அதற்கு மேல் அவளுக்கு நாம் கொடுக்க விரும்புவதை துஆவாகக் கொடுப்போம், அதற்கு அளவில்லை.

வல்ல நாயன் நம் வீட்டுத் தாய்மாருக்கு இலேசான பிரசவத்தையும் ஸாலிஹான பிள்ளைகளையும் நீடித்த உடல்நலத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.